அண்ணிக்கு எப்போதாவது அம்மை வந்ததா?

சாந்தி அக்கா கிரில் கதவைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது.

புந்தோங்கில் எங்கள் வரிசையிலேயே, சில வீடுகள் தள்ளி அவர் வீடு. துணி தைப்பவர். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்த வாசலில் போய் நின்றால் "உள்ள வா தம்பி" என்பார். பின்னாலேயே ஒரு கோப்பை மைலோ வரும். அன்று கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசினார். கழுத்தில் அளவு நாடா இல்லை. தையல் மெஷின் சத்தம் இல்லை. உள்ளேயிருந்து மஞ்சள் வாசனை வந்தது. மதியச் சமையல் நேரம்தான், ஆனாலும் தாளிக்கிற வாசனையைக் காணோம். இதெல்லாம் மூக்கு வரைக்கும் வந்தது. மூளைக்குப் போய்ச் சேரவில்லை.

நான் அன்று பக்கத்து வீட்டுப் பையனாகப் போகவில்லை. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். பட்டம் வாங்கிய கையோடு நல்ல வேலை கிடைத்துவிடும் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பியதையும், கிடைக்காததையும் போன வாரங்களில் இந்தப் பத்தியில் எழுதியிருக்கிறேன். இடையில் கிடைத்த தற்காலிக வேலை இது. ஊரில் டெங்கி பரவியிருந்த சமயம். அதைப் பற்றி மக்களுக்கு என்ன தெரியும், எவ்வளவு பயம் இருக்கிறது என்று ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்காக வீடு வீடாகக் கேட்டுவர வேண்டும்.

சாந்தி அக்கா எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். எந்தக் கொசு, எந்த நேரத்தில் கடிக்கும், எங்கே முட்டையிடும், பூச்சட்டித் தட்டை ஏன் கவிழ்க்க வேண்டும். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது.

கடைசிக் கேள்வி, கடந்த ஒரு மாதத்தில் இந்த வீட்டில் யாருக்காவது தொற்று நோய் ஏதும் வந்ததா என்பது.

"யாருக்கும் ஒன்னும் இல்ல தம்பி," என்றார்.

'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்த நேரத்தில் அவருடைய மகள் யாழினி உள்ளறையில், உடம்பெல்லாம் கொப்புளத்தோடு, வேப்பிலை பரப்பிய பாயில் படுத்திருந்தாள்.

அஞ்சு போட்டால் புகை அடிப்பார்களா?

அந்த வேலையில் எனக்குப் பிடித்தது பயத்தை அளக்கும் கேள்வி. ஒன்று என்றால் பயமே இல்லை, ஐந்து என்றால் ரொம்பப் பயம். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து பார்த்தால் எளிமையான கேள்விதான். புந்தோங்கில் நின்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கும் ஓர் அண்ணன், "அஞ்சு போட்டா வந்து கொசுப்புகை அடிப்பாங்களா?" என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது, ஆய்வுக்குத்தான் கேட்கிறேன் என்றேன். சற்று யோசித்தார். "அடிச்சா சோத்துல எல்லாம் நாறும்லா. ரெண்டு போடு."

மூலை வீட்டு மேரி அக்கா, கர்த்தர் ஒருவருக்குத்தான் தான் பயப்படுவதாகச் சொல்லி ஒன்று போடச் சொன்னார். அவர் வீட்டில் கட்டிலுக்குக் கட்டில் கொசுவலை தொங்கியது. சன்னலுக்கும் வலை அடித்திருந்தார். பயம் இல்லாதவர் செய்கிற வேலையா அது என்று எனக்குக் குழப்பம். பயம் என்பதை மனசில் தேடுவதா, சன்னலில் தேடுவதா?

பலர் என்னையே திருப்பிக் கேட்டார்கள். "எது சரியான பதில் தம்பி? அதையே போட்டுக்க. நீதான் படிச்சவன்." பரீட்சை எழுதுகிற மாதிரி சொன்னார்கள். தெருவே நல்ல மதிப்பெண் வாங்கியது. ஆனால் இரண்டு வீடு தள்ளிக் கிடந்த பழைய டயருக்குள் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. தெரிந்தவர்கள் ஏன் அதைக் கவிழ்க்கவில்லை? இந்தக் கேள்வி என்னோடு தூங்கி என்னோடு எழுந்தது.

சொந்தக்காரனிடமிருந்து எப்படி வரும்?

கோவிட் காலத்திலேயே இந்த அரிப்பு எனக்குத் தொடங்கிவிட்டது. நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த நாட்களில் என் மாமா கடைக்குப் போய்வந்தால் வாழைப்பழத்தைக்கூடச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். சாலையில் போலீஸ் நிற்கிறதோ இல்லையோ, முகக்கவசம் மூக்குக்கு மேல் இருக்கும். பத்து காஜா ஊரிலிருந்து அவர் மச்சான் வந்துவிட்டால் மட்டும் இரண்டு பேரும் கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேரம் ஆடுவார்கள்.

அது எப்படி மாமா என்று கேட்டேன். "டேய், சொந்தக்காரன்கிட்டயிருந்து எப்படிடா வரும்?" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆபத்து என்பது முகம் தெரியாதவர்களிடமிருந்து வருவது என்று அவருக்கு ஓர் உறுதி. பிறகு அந்த மச்சானிடமிருந்துதான் அவருக்கு வந்தது. தேறி எழுந்த பின்பும், கடைப் பழத்திலிருந்து வந்ததாகவே எல்லாரிடமும் சொன்னார்.

அந்த நாட்களில்தான் எங்கள் வரிசையில் வேப்பிலையும் ஏறியது. முன்பெல்லாம் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், வாசலில் வேப்பிலை தொங்கினால் அதற்கு ஒரே பொருள்தான்: இந்த வீட்டில் அம்மை கண்டிருக்கிறது, வெளியாள் உள்ளே வராதே. அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில் அப்படித்தான். யாரும் யாருக்கும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. கோவிட் வந்தபோது, வராமல் இருக்கட்டும் என்று எல்லா வீட்டிலும் கட்டினார்கள். எச்சரிக்கையாக இருந்தது காவலாக மாறிவிட்டது. பிறகு அது பழக்கமாகிவிட்டது. நான் சொல்லிக்கொண்டிருக்கும் சமயம் ஆடி மாதம் வேறு. கோயில் பையன்கள் தெருவுக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டி, வாசலுக்கு வாசல் ஒரு கொத்தும் சொருகியிருந்தார்கள்.

வாடின இலையும் பச்சை இலையும்

சாந்தி அக்கா வீட்டுக்குப் போன மறுநாள் மாலை, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் அம்மா, அண்ணன், கலா அண்ணி, நான். அண்ணன் சிம்பாங் பூலாய் பக்கம் கல் குவாரியில் லோரி ஓட்டுகிறார். அண்ணிக்குத் தொழிற்சாலை வேலை. கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து, கையில் பிடிக்காமல் கலைந்துபோன இரண்டுக்குப் பிறகு, அண்ணிக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வளைகாப்புக்கு நாள் பார்த்தாயிற்று.

அம்மா பேச்சோடு பேச்சாக, சாந்தி வீட்டில் தலைக்குத் தண்ணி ஊற்றிய பிறகுதான் வளைகாப்புக்குச் சொல்லப் போக வேண்டும் என்றார்.

"யாருக்குத் தலைக்கு ஊத்துறாங்க?" என்று நான் கேட்டேன்.

"யாழினிக்குத்தான். ஆத்தா வந்திருக்காளே. வேப்பிலை தொங்குறத நீ பாக்கல?"

"எல்லா வீட்லயும்தான் தொங்குது."

"அதெல்லாம் ஆடிக்குக் கட்டுனது, வாடிப் போச்சு. சாந்தி வீட்ல பச்சை இலை. கூட மஞ்சத் துணி வேற." எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அம்மா அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். மீன் வண்டி வந்தபோது சாந்தி அக்கா வெளியே வரவில்லையாம். தாளிப்புச் சத்தம் நின்று சில நாளாகிறதாம்.

அண்ணி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். "போன வாரம் ப்ளவுஸுக்கு அளவு குடுக்கப் போயிருந்தேன் அத்தை," என்றார். "யாழினிக்குக் காய்ச்சல் லேசா இருந்துச்சு. பாப்பா பேசுதான்னு என் வயித்துல காது வச்சுப் படுத்துக் கெடந்தா."

அம்மா கவலைப்படவே இல்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருக்கும், ஒருதரம் வந்தால் மறுபடி வராது என்றார்.

"எனக்கு வந்ததே இல்ல அத்தை."

அண்ணன் மெதுவாகத் தட்டைத் தள்ளி வைத்தார்.

செல்விக்கு வந்தது, கலாவுக்கு?

அரசாங்க கிளினிக்கில் மறுநாள் காலை டாக்டர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். சின்ன வயதில் அம்மை வந்திருக்கிறதா? வந்திருந்தால் பயமில்லை. வராதவர் என்றால், இந்த மாதத்தில் அம்மை கண்டால் தாயின் நுரையீரலைப் பிடிக்கலாம், பிள்ளைக்கும் நல்லதில்லை. ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும், முடிவு வரச் சில நாளாகும். எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் ஓர் ஊசி உண்டு, அதையும் காலம் கடத்தாமல் போட வேண்டும் என்றார். மலாய்க்காரப் பெண்மணி; அண்ணி ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டும் சலிக்காமல் சொன்னார்.

முடிவுக்குக் காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை. அண்ணியின் அம்மா காலமாகிப் பல வருடம். அப்பாவும் இல்லை. பத்து காஜா பக்கத்தில் அவர்கள் இருந்த தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை மரம். தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்த இடத்தைக் காட்டவே ஆள் இல்லை. மிச்சம் இருந்தது மனிதர்களின் ஞாபகம்தான். கேள்வி கேட்பது என் தொழிலாயிற்றே என்று போனை எடுத்தேன்.

அண்ணியின் அக்கா செல்விக்குச் சந்தேகமே இல்லை. தனக்குத்தான் வந்தது, தங்கச்சியைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அம்மா தன் பக்கத்திலேயே இருந்தார் என்றார். கடைசியில் சொன்னதில் கொஞ்சம் பெருமை இருந்தது. பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வயதில் தன்னை ஏன் அனுப்பினார்கள் என்று அவருக்கு இன்னும் ஒரு வருத்தம் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

பெரியம்மா இல்லை, அவர் மகன் கிள்ளானில் இருக்கிறார். கலா வந்து தங்கியது நினைவிருக்கிறது, ஒரு சைக்கிளை உடைத்ததும் நினைவிருக்கிறது, அம்மை நினைவில் இல்லை என்றார். பழைய லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்த ஓர் அம்மா, "வராம என்ன, நாந்தான் மஞ்சள் அரைச்சுக் குடுத்தேன்" என்று அடித்துச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. கொஞ்சம் பேசிய பிறகு அவர் சொல்வது கங்காணி வேலை பார்த்த மண்டோர் வீட்டு இன்னொரு கலா என்று தெரிந்தது. அண்ணன் தன் பங்குக்கு, அண்ணியின் நெற்றியில் இருக்கும் சின்னத் தழும்பு அம்மைத் தழும்புதான் என்று வாதாடினார்.

"அது அந்த சைக்கிள்ல விழுந்தது," என்றார் அண்ணி.

டெங்கியைப் பற்றி இந்தத் தெருவுக்கு எவ்வளவோ தெரிந்திருந்தது. வேண்டிய ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

கிரில்லுக்கு இரண்டு பக்கம்

அண்ணனுக்குச் சாந்தி அக்கா மேல் ஆத்திரம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கத்தப் போனவரை அம்மா தடுத்தார். ஆத்தா இருக்கிற வீட்டு வாசலில் சத்தம் போடக் கூடாது. கிளினிக்கில் ரத்தம் எடுத்ததைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டார். இதைப் பொறுக்க மாட்டார். அதனால் நான் போனேன். சண்டைக்கு என்பதைவிட, எனக்குப் புரியவில்லை என்பதுதான் காரணம்.

"ஏன்க்கா, நான் கேட்டப்ப வீட்ல ஒன்னும் இல்லன்னு சொன்னீங்க?"

"நீ என்ன கேட்ட? நோய் இருக்கான்னு கேட்ட. ஆத்தா உள்ள இருக்கறப்ப அவளை நோய்னு என் வாயால சொல்லச் சொல்றியா?"

கேள்வியை எழுதியவர்களுக்கு இது தோன்றியிருக்காது.

அவர் விடவில்லை. இலை கட்டினார், துணி கட்டினார், யாரையும் உள்ளே விடவில்லை. என்னைக்கூட உள்ளே கூப்பிடவில்லை. தைத்து முடித்திருந்த துணிகளை யாருக்கும் கொடுக்கவில்லை. கொப்புளம் காய்ந்து தோல் உதிரும்போதுதான் மற்றவர்களுக்கு ஒட்டும், அதற்குள் ஒருவரும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ராத்திரி பகல் காவல் இருந்தார். "இதுக்கு மேல நான் என்ன செய்யணும் தம்பி?"

காய்ந்த பிறகு ஒட்டாது, கொப்புளம் தெரிவதற்கு முன்பே ஒட்டத் தொடங்கிவிடும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். காய்ச்சல் மட்டும் இருக்கும்போதே.

அவர் கை கம்பியைப் பிடித்தது. "அப்ப கலா வந்தன்னிக்கு?"

நான் தலையசைத்தேன்.

"எம்புள்ள அது வயித்துல தலை வச்சு படுத்திருந்தாளே," என்றார். "நான் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

தவறு எங்கே இருந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். அவ்வளவு கவனமாக இருந்தவர் அவர். கதவைச் சாத்தினார், சாத்திய நாள்தான் தப்பு. அந்த நாளை அவருக்குச் சொல்லித் தருகிற சுவரொட்டி எந்தக் கிளினிக்கிலும் ஒட்டியிருக்கவில்லை. டெங்கிக்கு ஒட்டியிருந்தது.

அன்று மாலை டேப்லெட் இல்லாமல், அட்டை இல்லாமல், அம்மாவைக் கூட்டிக்கொண்டு தெருவைச் சுற்றினேன். யாருக்காவது நோய் இருக்கிறதா என்று கேட்கவில்லை. "ஆத்தா யார் வீட்டுக்காச்சும் வந்திருக்காளா?" என்று அம்மா கேட்டார். கதவுகள் திறந்தன. வந்திருக்கிறாள், போன வாரம் போய்விட்டாள், பள்ளிக்கூடத்தில் யாழினி வகுப்பில் நிறையப் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறாள் என்று மடமடவென்று சொன்னார்கள். சில நாள் முன்பு எனக்கு 'இல்லை' சொன்ன அதே வாய்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் பச்சைக் குழந்தை என்று கேட்டுக்கொண்டு, காய்ச்சல் பிள்ளைகளை அங்கே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். மேரி அக்கா, "ஆத்தா எங்க வீட்டுக்கு வர மாட்டா, ஆனா சிக்கன்பாக்ஸ் வந்துச்சு" என்று சொல்லி அம்மாவையே சிரிக்க வைத்தார்.

முடிவு வந்த நாள்

காத்திருந்த நாட்களில் சாந்தி அக்கா காலையில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தூரமாக வந்து நிற்பார். எதுவும் கேட்க மாட்டார். அண்ணி தலையசைத்தால் போய்விடுவார். அண்ணன் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார். அம்மா தினமும் அண்ணியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு கொசுக்கடிக்கு வீடே பதறியது. ஊரெல்லாம் டெங்கியாக இருந்தும், அது கொசுக்கடிதான் என்று தெரிந்ததும் எல்லாரும் நிம்மதியானோம். இதை என் ஆய்வில் எந்த எண்ணில் போடுவது?

கிளினிக்குக்கு அண்ணியோடு நான்தான் போனேன். அண்ணனுக்கு லோரியை விட்டு வர முடியவில்லை. டாக்டர் திரையைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, பழையது, முன்பே வந்து போயிருக்கிறது என்றார். ஊசி வேண்டாம். பிள்ளைக்கும் பயமில்லை.

நான் சத்தமாக மூச்சு விட்டிருக்க வேண்டும்; நர்ஸ் திரும்பிப் பார்த்தார். அண்ணி மட்டும் எழுந்திருக்கவில்லை. எப்போது வந்தது என்று ரத்தத்தில் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்றார் டாக்டர். வந்தது என்பது மட்டும்தான் தெரியும். சிலருக்குத் தலைமுடிக்குள் நாலைந்து கொப்புளத்தோடு போய்விடும், வீட்டில் இருப்பவர்களே கவனித்திருக்க மாட்டார்கள். சிலருக்கு நன்றாகவே வந்திருக்கும், வளர்ந்த பிறகு சொல்ல ஆள் இருக்காது.

வெளியே வந்ததும் அண்ணி முதலில் சாந்தி அக்காவுக்குப் போன் போட்டார். ஒன்றும் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. "அக்கா, அந்த ப்ளவுஸ் கையைக் கொஞ்சம் லூசு பண்ணணும், வளையல் ஏறணும்லா," என்றார். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. அண்ணனுக்குச் சொன்னார். அம்மாவுக்குச் சொன்னார், "நாந்தான் அப்பவே சொன்னேனே" என்று அம்மா சொல்வார் என்று எதிர்பார்த்தோம், அப்படியே சொன்னார்.

கடைசியாகச் செல்விக்கு.

"அக்கா, எனக்கும் வந்திருக்காம். ரத்தத்துல இருக்காம்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கிளினிக் கூரை நிழலில் ஒதுங்கி நின்றோம்.

"அம்மா என்கூடதானடி இருந்தாங்க," என்றார் செல்வி. "அப்ப உன்னை யாருடி பாத்தது?"

"தெரியலக்கா," என்றார் அண்ணி. "யாரோ பாத்திருக்காங்க."